ஒரு புத்தகத்துக்கு மூன்று பேர், ஒருவருக்கு முப்பது புத்தகம்: ஜாங்கோ அட்மினில் இதைச் சமாளிப்பது

ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கேட்ட கேள்விக்கு இது பதில். அல்சூர் பக்கம் தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய தமிழ் வாசகசாலைக்கு அவர் வார இறுதிகளில் ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் வலைத்தளம் கட்ட உதவும் கட்டமைப்பு) ஒரு நூல் அட்டவணை செய்துகொண்டிருக்கிறார். தரவைப் பதியவும் திருத்தவும் அதனோடு வரும் பக்கங்கள்தான் அட்மின். சுமார் 6,000 புத்தகங்கள், 2,000 எழுத்தாளர்கள். புத்தகத்துக்கும் எழுத்தாளருக்கும் நடுவே ஒரு மெனி டு மெனி, அதாவது இரு பக்கமும் பலவற்றோடு இணையக்கூடிய உறவு. புத்தகத்துக்கும் பொருள் பிரிவுக்கும் நடுவே இன்னொன்று. அவர் சொன்ன சிரமங்கள் மூன்று. எழுத்தாளரைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி முடிவே இல்லாமல் நீள்கிறது, பதிவு செய்யும் பெரியவர்கள் திணறுகிறார்கள். எழுத்தாளரின் பக்கத்தைத் திறந்தால் அவருடைய புத்தகங்கள் தெரிவதில்லை. புத்தகத்தைச் சேமிக்கும்போது எழுத்தாளர் பெயர்களைச் சேர்த்து ஒரு தேடல் வரி உண்டாக்குகிறார், அதில் எப்போதும் பழைய பெயர்களே விழுகின்றன.

மூன்றையும் சொல்கிறேன். குறிமுறையை வரிவரியாகக் கொடுக்கவில்லை. அமைப்புகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், பார்த்தவுடன் புரிந்துவிடும்.

முதலில் அடியில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். புத்தகம் மாடலில் (ஒரு டேபிளை விவரிக்கும் பைத்தான் வகுப்பு) எழுத்தாளர்களை ‘மெனிடுமெனிஃபீல்டு’ என்று அறிவித்தால், புத்தக டேபிளில் புதிதாக ஒரு பத்தியும் வராது. ஜாங்கோ மூன்றாவதாக ஒரு டேபிளை உண்டாக்கும். அதில் ஒரு ஐடி, புத்தகத்தின் எண், எழுத்தாளரின் எண், அவ்வளவுதான். ஒரே இணை இரண்டு முறை வராதபடி தடையும் போட்டுவிடும். ஆக, புத்தகம் ஒரு பொருள், எழுத்தாளர் ஒரு பொருள், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் உறவும் ஒரு வரியாக எங்கோ உட்கார்ந்திருக்கிறது. அந்த வரிக்கென்று சொந்தமாகச் சொல்ல ஏதாவது இருக்கிறதா? அட்மினில் எந்தக் கருவியை எடுப்பது என்பதற்கு நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது ஒன்றுதான். பொருள் பிரிவுக்கு ஒன்றும் இல்லை: இந்தப் புத்தகம் ‘வரலாறு’ என்றால் வரலாறு, அதற்குமேல் பேச்சில்லை. எழுத்தாளர் விஷயம் அப்படியில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இப்போது அந்தப் பெட்டி. நீங்கள் ஒன்றும் மாற்றாவிட்டால் அட்மின் காட்டுவது உலாவியின் சாதாரணப் பலதேர்வுப் பெட்டி. ஒன்றுக்கு மேல் தேர்ந்தெடுக்க கண்ட்ரோல் விசையை, மேக் என்றால் கமாண்ட் விசையை, அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அடியில் ஒரு குறிப்பு இருக்கும். விசையைப் பிடிக்காமல் ஒரே ஒரு முறை சொடுக்கினால் முன்பு தேர்ந்தெடுத்தவை அத்தனையும் விலகி, சொடுக்கிய ஒன்று மட்டும் நிற்கும். அந்த நிலையில் சேமித்துவிட்டால் தரவுத்தளத்திலும் அப்படியே போய்விடும்.

இது எனக்கு நேரில் நடந்தது. இதே பெங்களூருவில் ஒரு அறக்கட்டளை நடத்திய வாரயிறுதித் தமிழ் வகுப்புக்கு நான் அட்மின் அமைத்துக் கொடுத்திருந்தேன். வகுப்புக்கும் மாணவர்களுக்கும் மெனி டு மெனி. பதிவுகளைப் பார்த்துக்கொண்டது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அவ்வளவு கவனமானவர். ஒரு சனிக்கிழமை மாலை போன் செய்தார். “தம்பி, ஒரு பிள்ளையைச் சேர்க்கப் போனேன், நாப்பது பேரையும் காணோம்.” அவர்மேல் தவறே இல்லை. ஒரு சொடுக்கில் நாற்பது உறவு அழியக்கூடிய பெட்டியை அவர் கையில் கொடுத்தது நான். அட்மினின் வரலாறு பக்கத்தைத் திறந்தேன். மாணவர்கள் என்ற புலம் மாற்றப்பட்டது என்று மட்டும் இருந்தது. யார் இருந்தார்கள், யார் நீக்கப்பட்டார்கள் என்பதை அது எழுதி வைப்பதில்லை. தாளில் இருந்த வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொருவராகத் திரும்பச் சேர்த்தோம். அன்றிலிருந்து அந்தச் சாதாரணப் பெட்டியை எந்த மெனி டு மெனிக்கும் நான் விட்டு வைப்பதில்லை.

உங்கள் பொருள் பிரிவுகளுக்கு ‘ஃபில்டர்_ஹரிசாண்டல்’ போதும். இடப்பக்கம் இருப்பவை, வலப்பக்கம் தேர்ந்தவை, நடுவில் அம்புக்குறி. இடப்பக்கத்தில் தட்டச்சு செய்து வடிகட்டலாம். எது உள்ளே இருக்கிறது என்பது கண்ணுக்கு எதிரே தெரிவதால் தவறி நீக்கினாலும் உடனே தெரிந்துவிடும். ஐம்பது, நூறு பிரிவுகள் என்றால் இதைவிட நல்லது கிடையாது. ஆனால் இது எல்லாத் தேர்வுகளையும் பக்கத்திலேயே கொண்டுவந்து கொட்டும், வடிகட்டுவதெல்லாம் உலாவிக்குள்தான் நடக்கும். 2,000 எழுத்தாளர் என்றால் ஒவ்வொரு புத்தகத்தைத் திறக்கும்போதும் 2,000 பெயர்கள் இறங்கும். வாசகசாலையின் பழைய மடிக்கணினியில் அது இழுக்கும்.

எழுத்தாளர்களுக்கு ‘ஆட்டோகம்ப்ளீட்_ஃபீல்ட்ஸ்’ போடுங்கள். ஜாங்கோ 2.0 பதிப்பில், 2017 டிசம்பரில், வந்தது. இரண்டு எழுத்து தட்டினால் சர்வரிடம் கேட்டு இருபது இருபதாகக் கொண்டுவரும், தேர்ந்தெடுத்தவை சிறு சிட்டைகளாகப் பெட்டிக்குள் நிற்கும். இதற்கு எழுத்தாளர் மாடலும் அட்மினில் பதிவாகியிருக்க வேண்டும், அதன் அட்மின் வகுப்பில் ‘சர்ச்_ஃபீல்ட்ஸ்’ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜாங்கோ தொடக்கச் சோதனையிலேயே பிழை காட்டி நின்றுவிடும். பதிவு செய்பவருக்கு எழுத்தாளரைப் பார்க்கும் அனுமதியோ மாற்றும் அனுமதியோ வேண்டும் என்பது பலர் மறக்கும் விஷயம். நீங்கள் எல்லா அனுமதியும் உள்ள சூப்பர்யூசராக நுழைந்து சோதிப்பீர்கள், வேலை செய்யும். தன்னார்வலர் நுழைந்து தேடினால் ஒரு பெயரும் வராது. அவர் பெயரில் நுழைந்து ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

‘ரா_ஐடி_ஃபீல்ட்ஸ்’ என்று இன்னொன்றும் உண்டு. எண்களைக் காற்புள்ளி போட்டு எழுதும் பெட்டியும், பக்கத்தில் பூதக்கண்ணாடியும் வரும். லட்சக்கணக்கான பதிவுகளை எண்ணாலேயே அடையாளம் காண்கிற ஆட்களுக்கு உதவும். உங்கள் இடத்துக்கு வேண்டாம்.

தமிழில் தேடும்போது வரும் சிக்கலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஆங்கிலத் தரவோடு பழகியவர்களுக்கு இது தோன்றாது. அட்மின் தேடல், தட்டிய தொடரை இடைவெளியில் உடைத்து, ஒவ்வொரு துண்டும் எங்காவது இருக்கிறதா என்று பார்க்கும். டேபிளில் ‘எஸ்.முருகேசன்’ என்று ஒட்டி எழுதியிருந்தால், ‘எஸ். முருகேசன்’ என்று இடைவெளி விட்டுத் தேடினாலும் கிடைத்துவிடும். மாறாக, டேபிளில் இடைவெளியோடு இருந்து நீங்கள் ஒட்டித் தட்டினால் கிடைக்காது. கிடைக்கவில்லை என்றதும் தன்னார்வலர் என்ன செய்வார்? பக்கத்திலேயே பச்சை நிறத்தில் கூட்டல் குறி இருக்கிறது. அதை அழுத்தி அதே எழுத்தாளரைப் புதிதாக உண்டாக்கிவிடுவார். ஒரு வருடத்தில் ஒரே ஆள் நான்கு உருவில் இருப்பார்.

அதைவிட மோசமானது கண்ணுக்கே தெரியாத வேறுபாடு. ‘கொ’ என்ற எழுத்தில் வரும் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். தரவுத்தளத்துக்கு அவை வேறு வேறு சரங்கள். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றி எடுத்த பட்டியல்களில் இது நிறையக் கிடக்கும். எழுத்தாளர் மாடலின் ‘சேவ்’ முறையில் பைத்தானின் யூனிகோடுடேட்டா தொகுதியைக் கொண்டு என்எஃப்சி என்ற, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவத்துக்கு மாற்றிச் சேமியுங்கள். ‘கெட்_சர்ச்_ரிசல்ட்ஸ்’ முறையில் தேடும் சொல்லையும் அதே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஆட்டோகம்ப்ளீட் பெட்டியும் அந்த முறையைத்தான் அழைக்கிறது, ஆக ஓரிடத்தில் திருத்தினால் இரண்டுக்கும் சேரும். முதலெழுத்துப் புள்ளிக்குப் பின் இடைவெளி விடுவதா வேண்டாமா என்பதையும் அங்கேயே ஒரே மாதிரி ஆக்கிவிடலாம். ‘ஔ’ என்பதற்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் சேர்த்து எழுதியிருந்தால் என்எஃப்சி அதைச் சரிசெய்யாது, அதைத் தனியாகத் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும். அப்புறம், எழுத்தாளரைச் சேர்க்கும் அனுமதியை ஓரிருவருக்கு மட்டும் கொடுங்கள். அனுமதி இல்லாதவருக்குக் கூட்டல் குறி தெரியாது.

இனி எழுத்தாளர் உறவு. உங்கள் வாசகசாலை இருப்பது பெங்களூருவில். கன்னடத்திலிருந்து தமிழுக்கு வந்த நூல்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கும். அந்த அலமாரியில் ஒரு நாவலை எடுங்கள். அட்டையில் இரண்டு பெயர்: கன்னடத்தில் எழுதியவர், தமிழில் தந்தவர். உங்கள் இப்போதைய அமைப்பில் இரண்டு பேரும் ‘எழுத்தாளர்கள்’. யார் யார் என்பது எங்குமே இல்லை. தேடிப் பார்க்கும் வாசகருக்கு அந்த நாவலை இருவர் சேர்ந்து எழுதியது போலத் தெரியும். கதைத் தொகுப்பு என்றால் தொகுத்தவரும் அதே பட்டியலில் நிற்பார். பெயர்களின் வரிசையும் காப்பாற்றப்படாது. நீங்கள் எந்த வரிசையில் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை மெனி டு மெனி நினைவில் வைத்துக்கொள்வதில்லை. மூல ஆசிரியர் பெயருக்கு முன்னால் மொழிபெயர்ப்பாளர் பெயர் வந்து நிற்கலாம். ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு ஒரு நூலைச் சுமந்து வந்தவரின் வேலை என்ன என்று ஒரு வாசகசாலை அட்டவணை சரியாகச் சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இங்கே உறவுக்கே சொந்தமாகச் சொல்ல விஷயம் இருக்கிறது: பங்கு, வரிசை.

ஆகவே நடு டேபிளை ஜாங்கோவிடம் விடாமல் நீங்களே மாடலாக எழுத வேண்டும். ‘பங்களிப்பு’ என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். புத்தகத்துக்கு ஒரு ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டும் புலம்), எழுத்தாளருக்கு ஒரு ஃபாரின் கீ, பங்கு என்ற தேர்வுப் புலம், வரிசை என்ற எண். மெனி டு மெனி புலத்தில் ‘த்ரூ’ என்று இந்த மாடலைக் காட்டிவிடுங்கள். தடையைப் புத்தகம், எழுத்தாளர், பங்கு மூன்றுக்கும் சேர்த்துப் போடுங்கள். ஒருவரே ஒரு தொகுப்பைத் தொகுத்து, அதில் சில கதைகளை மொழிபெயர்த்தும் இருப்பார், அவருக்கு இரண்டு வரி வேண்டும். அப்படி இரண்டு வரி இருக்கும்போது புத்தகத்தின் எழுத்தாளர்களைக் கேட்டால் அவர் இரண்டு முறை வருவார், காட்டும் இடத்தில் ‘டிஸ்டிங்க்ட்’ போட்டுக்கொள்ளுங்கள்.

இதைச் செய்ததும் அட்மினில் எழுத்தாளர் பெட்டி காணாமல் போய்விடும். பயப்பட வேண்டாம். ‘த்ரூ’ மாடலை நீங்களே எழுதியிருந்தால், பங்கும் வரிசையும் என்ன என்று ஒரு பெட்டியால் கேட்க முடியாது, அதனால் அட்மின் அந்தப் புலத்தை ஃபார்மிலிருந்து எடுத்துவிடுகிறது. ‘ஃபீல்ட்ஸ்’ பட்டியலில் வலிந்து எழுதினால் சோதனைப் பிழை வரும். நடு மாடலின் மெட்டாவில் (மாடலின் கூடுதல் அமைப்புகளை எழுதும் இடம்) ‘ஆட்டோ_கிரியேட்டட்’ என்று பொய்யாக அறிவித்துப் பெட்டியைத் திரும்ப வரவழைக்கும் குறுக்குவழி ஒன்று சுற்றுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். நடு டேபிள் தான் உண்டாக்கியது என்று ஜாங்கோ நம்பிவிடும், மாடல் மாற்றங்களைத் தரவுத்தளத்துக்குக் கொண்டுபோகும் மைக்ரேஷன் குழம்பும். சரியான வழி இன்லைன், அதாவது ஒரு மாடலின் பக்கத்துக்குள்ளேயே இன்னொரு மாடலின் வரிகளைத் திருத்தும் பகுதி. ‘டேபுலர்இன்லைன்’ எடுத்து, மாடலாகப் பங்களிப்பைக் கொடுத்து, புத்தக அட்மினில் சேர்த்துவிடுங்கள். புத்தகப் பக்கத்தின் அடியிலேயே ஒவ்வொரு வரியாக எழுத்தாளர், பங்கு, வரிசை என்று நிரப்பலாம். ஒருவரை நீக்க அந்த வரியில் நீக்கு என்று குறியிட வேண்டும், ஆக நான் சொன்ன சனிக்கிழமை விபத்துக்கும் வழியில்லை.

இன்லைனில் இரண்டு அமைப்பு அவசியம். ‘எக்ஸ்ட்ரா’ என்பதைப் பூஜ்யமோ ஒன்றோ ஆக்குங்கள், இல்லையென்றால் வழக்கப்படி மூன்று காலி வரி வந்து, நிரப்ப வேண்டுமோ என்று எல்லோரும் கேட்பார்கள். இன்லைனுக்குள்ளும் எழுத்தாளருக்கு ஆட்டோகம்ப்ளீட் போடுங்கள். போடாவிட்டால் ஒவ்வொரு வரியும் தனித்தனியாக க்வெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் ஒரு கேள்வி) ஓட்டி 2,000 பெயர்களையும் கொண்டுவரும். ஆறு வரி என்றால் 12,000 பெயர்.

எழுத்தாளர் பக்கத்தில் புத்தகங்கள் தெரியாதது உங்கள் இரண்டாவது கேள்வி. அட்மின், புலம் எந்த மாடலில் எழுதப்பட்டிருக்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் காட்டும். உறவு இரு பக்கமும் சமம் என்றாலும் திரையில் ஒரு பக்கம்தான். இப்போது பங்களிப்பு மாடல் இருப்பதால், அதே போன்ற இன்லைனை எழுத்தாளர் அட்மினிலும் வைக்கலாம். பொருள் பிரிவு மாதிரி ஜாங்கோவே உண்டாக்கிய நடு டேபிளுக்கும் இது நடக்கும்: புலத்தின் ‘த்ரூ’ என்பதையே இன்லைனுக்கு மாடலாகக் கொடுக்கலாம். அப்படிப் புத்தகப் பக்கத்திலேயே கொடுத்தால் மூலப் புலத்தை ‘எக்ஸ்க்லூட்’ செய்யுங்கள், ஒரே தகவலுக்கு இரண்டு இடம் இருக்கக் கூடாது.

ஆனால் எழுத்தாளர் பக்கத்தில் திருத்தும் வசதி வேண்டுமா என்று யோசியுங்கள். என் கருத்து, வேண்டாம். பார்க்க மட்டும் விடுங்கள். காரணம் ஒரு எண்: ஒரு ஃபார்மில் வரக்கூடிய புலங்களுக்கு ஜாங்கோ 1,000 என்று வரம்பு வைத்திருக்கிறது. பங்களிப்பு வரி ஒன்றுக்கு ஐடி, இரண்டு ஃபாரின் கீ, பங்கு, வரிசை என ஐந்து புலம் போகும். கிட்டத்தட்ட 200 வரி வந்ததும் சேமிக்க விடாமல் ‘400’ என்ற எண் கொண்ட பிழைப் பக்கம் வரும். எழுத்தாளருக்கு 200 நூல் அபூர்வம். ஆனால் ‘நாவல்’ என்ற பொருள் பிரிவின் பக்கத்தில் இதே இன்லைனை வைத்தால், வரிக்கு மூன்று புலம் என்றாலும் 330 நூலைத் தாண்டியதும் அது நடக்கும். அங்கே அந்தப் பிரிவின் புத்தகப் பட்டியலுக்கு ஒரு இணைப்பு கொடுத்தாலே போதும். ‘டேட்டா_அப்லோடு_மேக்ஸ்_நம்பர்_ஃபீல்ட்ஸ்’ என்ற அமைப்பை ஏற்றிச் சமாளிக்கலாம், ஆனால் அந்த வரம்பு சேவையை முடக்கும் தாக்குதலுக்கு எதிராக வைத்த காவல். தேவையில்லாமல் தளர்த்தாதீர்கள்.

மூன்றாவது கேள்வி, பழைய பெயர்கள் விழுவது. இதில் தடுக்கி விழாதவரை நான் பார்த்ததில்லை. அட்மினில் சேமிப்பு இந்த வரிசையில் நடக்கிறது: முதலில் ‘சேவ்_மாடல்’, அதில் புத்தக வரி மட்டும் எழுதப்படும். பின்னர் ‘சேவ்_ரிலேட்டட்’, அதில் மெனி டு மெனிகளும், அவற்றை அடுத்து இன்லைன்களும் எழுதப்படும். இது இப்படித்தான் இருக்க முடியும். புதுப் புத்தகத்துக்கு எண் கிடைக்காமல் நடு டேபிளில் அதன் எண்ணை எப்படி எழுதுவது? நீங்கள் தேடல் வரியைப் புத்தகத்தின் ‘சேவ்’ முறையிலோ சேமித்ததும் ஜாங்கோ எழுப்பும் ‘போஸ்ட்_சேவ்’ சிக்னலிலோ உண்டாக்குகிறீர்கள். அந்த நேரத்தில் நடு டேபிளில் இருப்பது போன தடவை சேமித்தது. புதுப் புத்தகம் என்றால் ஒன்றுமே இருக்காது. புத்தக அட்மினில் ‘சேவ்_ரிலேட்டட்’ முறையை மேலெழுதி, முதலில் மூல முறையை அழைத்து, அது முடிந்தபின் ஃபார்மின் ‘இன்ஸ்டன்ஸ்’ வழியாகப் புத்தகத்தை எடுத்து, பெயர்களைக் கோத்து, அந்த ஒரு பத்தியை மட்டும் ‘அப்டேட்’ செய்யுங்கள்.

மெனி டு மெனி மாறும்போது வரும் ‘எம்2எம்_சேஞ்ச்டு’ சிக்னலைப் பயன்படுத்தச் சொல்வார்கள். பொருள் பிரிவுக்கு அது சரி. ஆனால் உங்கள் எழுத்தாளர்கள் இன்லைன் வழியாகச் சேமிக்கப்படுகிறார்கள். இன்லைன், பங்களிப்பை ஒரு சாதாரண மாடலாகவே சேமிக்கிறது, அதனால் அந்தச் சிக்னல் ஒலிக்கவே ஒலிக்காது. பங்களிப்பு மாடலின் ‘போஸ்ட்_சேவ்’, ‘போஸ்ட்_டிலீட்’ இரண்டும்தான் வரும். சிக்னல் ஏன் வரவில்லை என்று ஒரு இரவு முழுக்கத் தேடிய பிறகே எனக்கு இது புரிந்தது. புதுவரவு பற்றி உறுப்பினர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும் எண்ணம் இருந்தால், அதை ‘டிரான்சாக்ஷன்’ தொகுதியின் ‘ஆன்_கமிட்’ உள்ளே வையுங்கள். அட்மின் சேமிப்பு முழுவதும் ஒரே பரிவர்த்தனைக்குள் நடக்கிறது. கடைசியில் ஏதாவது தவறினால் எல்லாம் பின்வாங்கிவிடும், போன மின்னஞ்சல் மட்டும் திரும்ப வராது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் பதிவு செய்வதாகச் சொன்னீர்கள். ஒரே புத்தகத்தை இருவர் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் ‘பெண்ணெழுத்து’ என்ற பிரிவைச் சேர்த்துச் சேமிக்கிறார். மற்றவர் திரையில் பழைய பட்டியல்தான் இருக்கிறது, அவர் பக்க எண்ணிக்கையைத் திருத்திச் சேமிக்கிறார். ஃபார்மில் வந்த பட்டியலையும் டேபிளில் இருப்பதையும் ஒப்பிட்டு, ஃபார்மில் இல்லாததை ஜாங்கோ நீக்கிவிடும். முதலாமவர் சேர்த்த பிரிவு போய்விடும், யாருக்கும் எச்சரிக்கை வராது. இன்லைனில் இந்த ஆபத்து குறைவு, ஏனென்றால் அது வரி வரியாகத்தான் சேர்க்கும், நீக்கும். திரையில் இல்லாத வரியை அது தொடாது. உங்களுக்கு எளிய மருந்து, அலமாரியைப் பிரித்துக்கொள்வது: ஒரு அலமாரிக்கு ஒருவர்.

பட்டியல் பக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. ‘லிஸ்ட்_டிஸ்ப்ளே’ உள்ளே மெனி டு மெனி புலத்தை நேராகப் போட முடியாது, ஒரு முறை எழுதிப் பெயர்களைக் கோத்துத் தர வேண்டும். அப்படியே விட்டால் பக்கத்துக்கு 100 புத்தகம், ஒவ்வொன்றுக்கும் ஒரு க்வெரி, ஆக 100 க்வெரி கூடுதல். ‘கெட்_க்வெரிசெட்’ முறையில் ‘ப்ரீஃபெட்ச்_ரிலேட்டட்’ சேர்த்தால் அந்த நூறும் ஒன்றாகிவிடும். ஆனால் உங்கள் முறைக்குள் ‘ஆல்’ என்று மட்டும் அழைக்க வேண்டும். அங்கே ‘ஃபில்டர்’ என்றோ ‘ஆர்டர்_பை’ என்றோ எழுதினால், முன்கூட்டி எடுத்து வைத்ததை விட்டுவிட்டு மறுபடி தரவுத்தளத்துக்கு ஓடும். வரிசை வேண்டுமென்றால் ‘ப்ரீஃபெட்ச்’ பொருளுக்குள்ளேயே சொல்லிவிடுங்கள். எண்ணிக்கைகள் காட்டும்போதும் கவனம்: எழுத்தாளர் எண்ணிக்கை, பிரிவு எண்ணிக்கை இரண்டையும் ஒரே ‘அன்னொடேட்’டில் (ஒவ்வொரு வரியோடும் ஒரு கணக்கைச் சேர்த்து வாங்குவது) கேட்டால், 3 எழுத்தாளரும் 4 பிரிவும் உள்ள புத்தகம் இரண்டு இடத்திலும் 12 என்று காட்டும். ‘கவுண்ட்’ உள்ளே ‘டிஸ்டிங்க்ட்’ என்பதை ட்ரூ ஆக்க வேண்டும்.

கடைசியாக, ஏற்கனவே பதிந்த தரவை எப்படிப் புது அமைப்புக்குக் கொண்டுபோவது. இதில்தான் கை நடுங்கும். ‘த்ரூ’ சேர்த்துவிட்டு மைக்ரேஷன் ஓட்டினால், மெனி டு மெனி புலத்தில் ‘த்ரூ’ சேர்க்கவோ எடுக்கவோ முடியாது என்று ஜாங்கோ மறுத்துவிடும். பழைய புலத்தை அழித்துப் புதிதாகப் போட்டால் மைக்ரேஷன் ஓடும், ஆனால் ஆறாயிரம் புத்தகத்தின் உறவுகளும் கூடவே போய்விடும். வழி இது. பங்களிப்பு மாடலை முதலில் பழைய நடு டேபிள் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள்: இரண்டு ஃபாரின் கீ மட்டும், அவற்றின் பெயர்கள் பழைய பத்திகளோடு பொருந்தும்படி, மெட்டாவில் ‘டிபி_டேபிள்’ என்று பழைய டேபிளின் பெயர், பழைய இரட்டைத் தடையும் அப்படியே. மைக்ரேஷனில் ‘செபரேட்டேட்டாபேஸ்அண்ட்ஸ்டேட்’ என்ற செயலைப் பயன்படுத்தி, மாடல் உண்டானதையும் புலம் மாறியதையும் நிலைப் பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். தரவுத்தளப் பக்கம் காலியாக இருக்கட்டும். ஜாங்கோவின் கணக்கு மாறும், டேபிள் அசையாது.

அடுத்த மைக்ரேஷனில் பங்கு, வரிசை இரண்டையும் இயல்பு மதிப்போடு சேருங்கள். பழைய வரிகள் எல்லாம் ‘எழுதியவர்’ என்று ஆகும். அதற்கு அடுத்ததில் பழைய இரட்டைத் தடையை எடுத்துவிட்டு மூன்று புலத் தடையைப் போடுங்கள். இரட்டைத் தடையை முதல் படியில் எழுத மறந்திருந்தால், ஜாங்கோவுக்குத் தெரியாமல் அது டேபிளில் ஒளிந்திருந்து, ஒருவருக்கு இரண்டாவது பங்கு சேர்க்கும்போது மறுக்கும். எக்செல்லிலிருந்து இறக்குமதி செய்யும் உங்கள் ஸ்கிரிப்டில் ‘ஆட்’ என்று அழைக்கும் இடங்களில், பங்கு வேறாக இருந்தால் ‘த்ரூ_டிஃபால்ட்ஸ்’ மூலம் சொல்லுங்கள். ஜாங்கோ 2.2 முதல் அது உண்டு. அதற்கு முந்தைய பதிப்புகளில், சொந்த நடு மாடல் இருந்தால் ‘ஆட்’ வேலையே செய்யாது.

மைக்ரேஷனை நேரடியாக ஓட்டாதீர்கள். தரவுத்தளத்தின் நகலில் ஓட்டி, நடு டேபிளின் வரி எண்ணிக்கையை முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிடுங்கள். எஸ்க்யூலைட் என்றால் கோப்பை நகலெடுத்தால் முடிந்தது, போஸ்ட்கிரெஸ் என்றால் ‘பிஜி_டம்ப்’. எண்ணிக்கை ஒத்துப்போனால் உண்மையானதில் ஓட்டுங்கள், அதுவும் யாரும் பதிவு செய்யாத வார நாள் இரவில். பிறகு கன்னட அலமாரியிலிருந்து தொடங்குங்கள். அங்கே பங்கைத் திருத்த வேண்டிய வரிகள்தான் அதிகம் இருக்கும். பங்களிப்பு மாடலைத் தனியாகவும் அட்மினில் பதிவு செய்து ‘லிஸ்ட்_எடிட்டபிள்’ பட்டியலில் பங்கைச் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு புத்தகமாகத் திறக்காமல் பட்டியலில் இருந்தபடியே மாற்றிக்கொண்டு போகலாம். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அந்த அலமாரி முடிந்துவிடும்.